அரிசி விலையும் அரசாங்கத்தின் கையும்

சந்தையை அதன் போக்கில் விட்டுவிடுவதா, அன்றி அரசாங்கம் குறுக்கிட்டு விலையையும் வரத்தையும் தன் கைக்குள் வைத்துக்கொள்வதா என்னும் வாதம் மிகப் பழமையானது. மேடைகளில் இதனைப் பேசுவோர் முதலாளித்துவம், சமதர்மம் என்ற இரண்டு கொடிகளின் கீழ் நின்றுகொண்டு பேசுவார்கள். கேட்போர் கைதட்டுவார்கள். வீடு திரும்பிய பின்னர் அந்தப் பேச்சுக்கும் தங்கள் வீட்டு அரிசிப் பானைக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிப்பவர் சிலரே. நம் வாசகர்களில் மளிகைக் கடைக்காரர்கள் உண்டு; சாப்பாட்டுக்கடை நடத்துவோர் உண்டு; மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர் இவ்விரு சாராரையும்விட அதிகம் உண்டு. இவர்கள் எல்லாரையும் ஒருசேரத் தொடுகின்ற பொருள் அரிசி. ஆதலின் இந்தப் பாடத்தில் நாம் கொள்கைப் பெயர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, 2023-ஆம் ஆண்டில் ஜொகூர் பாலத்தின் இரு பக்கங்களிலும் அரிசி விஷயத்தில் நடந்ததை எடுத்துக்கொண்டு இவ்வாதத்தை ஆராயப் புகுகிறோம்.

முதலில் விலை என்பது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். விளைச்சல் குறைந்தால் விலை ஏறுகிறது. ஏறிய விலை ஒரே சமயத்தில் இரண்டு பேரிடம் பேசுகிறது. வாங்குகிற இல்லத்தரசியிடம் “அளந்து போட்டுப் பொங்கு” என்கிறது. தூரதேசத்து வியாபாரியிடம் “இங்கே கொண்டு வா, இலாபம் உண்டு” என்கிறது. ஸ்காட்லாந்து தேசத்தவரான ஆதம் ஸ்மித், 1776-இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலில் தானிய வியாபாரத்துக்கென்றே ஒரு நீண்ட பகுதியை ஒதுக்கினார். பஞ்ச காலத்தில் தானிய வியாபாரியை ஊரார் சபிக்கிறார்கள். ஆனால் அவன் முன்கூட்டியே விலையை உயர்த்துவதால்தான் கையிருப்பிலுள்ள தானியம் அடுத்த அறுவடை வரை தாங்குகிறது என்பது அவருடைய வாதம். உணவு குறைந்துவிட்ட கப்பலின் தலைவன் மாலுமிகளின் படியை முன்னமே குறைப்பதை அவர் இதற்கு உவமையாகக் காட்டினார்.

வாதம் அழகானது, பெரும்பாலும் உண்மையுமாகும். ஆனால் கப்பல் தலைவன் எல்லா மாலுமிகளுக்கும் ஒரே அளவாய்ப் படியைக் குறைக்கிறான். விலை அவ்வாறு செய்வதில்லை. பணம் உள்ளவன் படி குறையாமல் இருக்க, இல்லாதவன் படி முழுவதுமே போய்விடுகிறது. 1943-ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 இலட்சம் மக்கள் மாண்டனர். அந்தப் பஞ்சத்தை ஆராய்ந்த பேராசிரியர் அமர்த்திய சென், 1981-இல் வெளிவந்த தம்முடைய நூலில், அவ்வாண்டு வங்காளத்தில் இருந்த உணவுதானியம் முந்திய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 சதவிகிதமே குறைவு என்றும், பஞ்சமில்லாத 1941-ஐவிட அதிகம் என்றும் கணக்கிட்டார். யுத்தகாலப் பணப்புழக்கத்தில் அரிசி விலை பறந்தது. கிராமத்துக் கூலியாளின் கூலி பறக்கவில்லை. சந்தையில் அரிசி இருந்தது, அவனுக்கு அதை வாங்கும் சக்தி இருக்கவில்லை. தடையற்ற வாணிபத்தைப் புகழ்வோர் இந்த ஓர் ஆண்டை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

மார்க்க வரலாற்றிலும் இந்தப் பிரச்சினை வந்திருக்கிறது. மதீனாவில் ஒருமுறை விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தரும்படி மக்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டனர். அண்ணலார் மறுத்துவிட்டார்கள். ஒருவருடைய பொருள் விஷயத்தில் அநீதி இழைத்த பொறுப்புடன் இறைவனைச் சந்திக்கத் தாம் விரும்பவில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். வியாபாரிகளாகிய நம்மவர்கள் இந்தச் செய்தியை மிகவும் விரும்பிச் சொல்வதுண்டு. ஆயின், அதே அண்ணலார்தாம் பதுக்கலைப் பாவமென்று கண்டித்தார்கள். வணிகக் கூட்டம் ஊருக்குள் வந்து சந்தை விலையை அறிந்துகொள்ளுமுன், வெளியிலேயே சென்று மடக்கிச் சரக்கை மலிவாய் வாங்குவதைத் தடுத்தார்கள். இச்செய்திகளை நாம் அவ்வளவு விருப்பமாய்ச் சொல்வதில்லை! விலை தானே உருவாகட்டும். ஆனால் அது உருவாகின்ற இடம் நேர்மையாக இருக்கவேண்டும் என்பதாகவே இவற்றை ஒருங்கே வைத்து நாம் விளங்கிக்கொள்கிறோம்.

பின்வந்த அறிஞர்கள் இதனை மேலும் நுணுகி ஆராய்ந்தார்கள். 1328-இல் மறைந்த இமாம் இப்னு தைமிய்யா, சந்தைக் கண்காணிப்பைப் பற்றிய தம் நூலில், பொருள் குறைந்தோ மக்கள் பெருகியோ விலை ஏறினால் அதில் கை வைப்பது அநீதி என்றார். ஆனால் விற்கும் உரிமை குறிப்பிட்ட சிலருக்கே உண்டு, பிறருக்கு இல்லை என்று ஆகிவிட்ட இடத்தில் நியாயமான விலையை நிர்ணயிப்பது ஆட்சியாளரின் கடமை என்றும் சொன்னார். 1406-இல் மறைந்த இப்னு கல்தூனோ, ஆட்சியாளரே வியாபாரியாகிவிடுவது குடிகளுக்குக் கேடு, வரி வருமானத்துக்கும் கேடு என்று எச்சரித்தார். அரசனுடன் போட்டியிட்டு எந்த வியாபாரி பிழைக்க முடியும் என்பது அவர் கேள்வி. இவ்விரு கருத்துக்களையும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மலேசிய அரிசியின் கதைக்கு இரண்டுமே தேவைப்படும்.

மலாயா நாட்டில் விலைக் கட்டுப்பாடு என்பது யுத்தத்தின் பிள்ளை. ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த தலைமுறையிடம் அரிசியைச் சந்தைக்கு விட்டுவிடலாம் என்று யார் சொன்னாலும் எடுபட்டிராது. 1946-இல் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1971-இல் தேசிய நெல் அரிசி வாரியம் நிறுவப்பட்டது. அந்த வாரியம் 1994-இல் பெர்னாஸ் என்னும் நிறுவனமாக மாற்றப்பட்டுப் பின்னர் தனியார் கைக்குச் சென்றது. அரிசியை இறக்குமதி செய்யும் ஏக உரிமை அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு ஈடாக அது நாட்டின் அவசரகாலக் கையிருப்பைப் பராமரிக்க வேண்டும். விவசாயி விற்கவரும் நெல்லை உத்தரவாத விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த உரிமை 2031 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

இதற்குமேல் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. உள்நாட்டு வெள்ளை அரிசியைக் கிலோ 2 வெள்ளி 60 காசுக்கு மேல் விற்கக்கூடாது என்று 2008-இல் உச்சவிலை வைத்தார்கள். 10 கிலோ மூட்டை 26 வெள்ளி. இறக்குமதி அரிசிக்கு இத்தகைய உச்சவிலை கிடையாது. பதினைந்து ஆண்டுக் காலம் இந்த ஏற்பாடு பெரிய சங்கடமின்றி நடந்தது. ஏன் நடந்தது? இறக்குமதி அரிசியும் ஏறக்குறைய அதே அளவில் கிடைத்ததனால் நடந்தது. பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசியை மெட்ரிக் டன் 2,350 வெள்ளிக்கு, அதாவது கிலோ 2 வெள்ளி 35 காசுக்கு, மொத்த வியாபாரிகளுக்குக் கொடுத்துவந்தது. இரண்டு விலைகளும் அருகருகே இருந்தவரையில் உச்சவிலை என்று ஒன்று இருப்பதையே பலர் உணரவில்லை.

2023 ஜூலை 20-ஆம் தேதி இந்திய அரசாங்கம், பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 சதவிகித ஏற்றுமதி வரியும் சேர்ந்தது. உலக அரிசி வாணிபத்தில் சுமார் 40 சதவிகிதம் இந்தியாவினுடையது. தன் மக்களுக்கு விலை ஏறாமலிருக்க அந்த அரசாங்கம் செய்த காரியம், கடலுக்கு இப்பாலுள்ள நம் அடுப்படிகளில் விலையை ஏற்றியது. (அரசாங்கக் குறுக்கீட்டைப் பற்றி வாதிடுவோர், எந்த அரசாங்கத்தின் குறுக்கீடு என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.) செப்டம்பர் 1-ஆம் தேதி இறக்குமதி அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்ந்தது, 36 சதவிகித ஏற்றம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இறக்குமதி அரிசி கிட்டங்கி வாசலிலேயே கிலோ 3 வெள்ளி 20 காசு. உள்நாட்டு அரிசி கடையில், வாங்குவோர் கையில், 2 வெள்ளி 60 காசு. இடையில் 60 காசு. மூட்டைக்கு 6 வெள்ளி. சில வாரங்களில் உள்நாட்டு அரிசி கடைத் தட்டுகளிலிருந்து மறைந்தது. சின்னஞ்சிறு கடைகளில் மட்டுமின்றிப் பெரிய பேரங்காடிகளிலும் தட்டுகள் காலியாகக் கிடந்தன. உள்நாட்டு அரிசியை இறக்குமதிப் பையில் மாற்றிக் கட்டுகிறார்கள் என்ற புகார்கள் எழுந்தன. அதிகாரிகள் ஆலைகளையும் கிட்டங்கிகளையும் சோதனையிட்டார்கள். பத்திரிகைகள் பதுக்கல்காரர் யார் என்று தேடின.

பதுக்கல் மார்க்கப்படி பாவம், சட்டப்படி குற்றம். பிடிபட்டவன் தண்டிக்கப்பட வேண்டியவனே. ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். நாட்டில் ஒரு பதுக்கல்காரன்கூட இல்லை, எல்லாரும் பரிசுத்தவான்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அந்தத் தட்டுகள் நிறைந்திருக்குமா? நிறைந்திராது! அதுவரை இறக்குமதி அரிசியை வாங்கிவந்த குடும்பங்களும் சாப்பாட்டுக்கடைகளும் மூட்டைக்கு 6 வெள்ளி மிச்சம் என்று கண்டு உள்நாட்டு அரிசிக்குத் திரும்பியிருப்பார்கள். அதில் என்ன குற்றம்? உள்நாட்டு விளைச்சலோ நாட்டின் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் போதும். மூன்று பேர் உண்பதை இருவருடைய படியிலிருந்து எடுக்க முனைந்தால் பானை காலியாவது கணக்குப்படி நடக்கிற காரியம். இதற்கு வில்லன் வேண்டியதில்லை. உச்சவிலை, அரிசியின் விலையை எழுத்தில் நிறுத்திவைத்தது. அந்த விலையில் அரிசியைத் தருவிக்கும் வழியை அது செய்யவில்லை. கடைசியில் யாருக்காக உச்சவிலை வைக்கப்பட்டதோ அந்த ஏழை, 26 வெள்ளி மூட்டை கிடைக்காமல் விலையேறிய இறக்குமதி மூட்டையை வாங்கும்படி ஆயிற்று.

விவசாயியின் பக்கத்தையும் பார்க்கவேண்டும். கெடா மாநிலத்து மூடா வயல்வெளிகளில் உரமும் டீசலும் கூலியும் 2008-இன் விலையில் நிற்கவில்லை. நெல்லின் குறைந்தபட்ச விலை 2023 அக்டோபரில் டன்னுக்கு 1,300 வெள்ளியாகவும், 2025 பிப்ரவரியில் 1,500 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது, நியாயமான உயர்வே. ஆனால் நூறு கிலோ நெல்லைக் குத்தினால் சுமார் 65 கிலோ அரிசி கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1,500 வெள்ளி நெல்லில் அரிசியின் அசல் மட்டுமே கிலோ 2 வெள்ளி 31 காசு ஆகிறது. ஆலைக்கூலி, உலர்த்துகூலி, பை, லாரி, மொத்த வியாபாரி, கடைக்காரர் எல்லாரும் மீதி 29 காசுக்குள் அடங்கவேண்டும். தவிடு விற்ற காசைச் சேர்த்தாலும் கணக்கு நெருக்கமானதுதான். கீழே அடிவிலையைத் தூக்கிக்கொண்டே போய், மேலே உச்சவிலையை ஆணியடித்து வைத்தால், நடுவில் இருப்பவன் ஒன்று தொழிலை விடுவான், அல்லது நேர்வழியை விடுவான்.

“அப்படியானால் உச்சவிலையை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சந்தைக்கு விட்டுவிட வேண்டியதுதானே?” என்று ஒரு சாரார் உடனே கேட்பார்கள். இங்கேதான் இமாம் இப்னு தைமிய்யா வகுத்த நிபந்தனை நினைவுக்கு வரவேண்டும். வாசலில் ஒரே ஒரு நிறுவனம் இறக்குமதி உரிமையுடன் நிற்கும்போது உள்ளே இருப்பதைத் தடையற்ற சந்தை என்று எப்படிச் சொல்வது? ஏக உரிமையை வைத்துக்கொண்டே உச்சவிலையை மட்டும் எடுப்பது, கதவைப் பூட்டிவிட்டுச் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்வது போன்றது. அதற்காக அந்த நிறுவனத்தின் சுமையை மறைப்பதும் நேர்மையாகாது. கையிருப்பு வைப்பதற்கும், வேறு யாரும் வாங்காத நெல்லை வாங்குவதற்கும் பணம் செலவாகிறது. ஏக உரிமையை உடைத்தால் அந்தச் செலவை அரசாங்கப் பொக்கிஷம் ஏற்கவேண்டும். பொக்கிஷம் என்பது வரி கட்டும் நாமே.

கையிருப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு 2008-ஆம் ஆண்டே சாட்சி. அவ்வாண்டு இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, இறக்குமதி செய்யும் நாடுகள் பீதியில் முந்திக்கொண்டு வாங்க, தாய்லாந்து அரிசி சில மாதங்களில் டன் 400 டாலருக்குக் குறைவாக இருந்ததிலிருந்து சுமார் 1,000 டாலருக்கு ஏறியது. உலகில் பெரிய விளைச்சல் நாசம் எதுவும் அப்போது நேர்ந்திருக்கவில்லை. மே மாதத்தில், தன் கிட்டங்கிகளில் தேங்கியிருந்த இறக்குமதி அரிசியை விடுவிக்க ஜப்பான் முன்வந்தது என்ற செய்தி பரவியதும் விலை இறங்கத் தொடங்கியது. அரிசி கப்பலேறுமுன் செய்தியே வேலை செய்துவிட்டது.

இனி பாலத்தின் இக்கரைக்கு வருவோம். சிங்கப்பூரில் அரிசிக்கு உச்சவிலை இல்லை. ஆகவே சிங்கப்பூர் தடையற்ற வாணிபத்துக்கு உதாரணம் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. வெள்ளை அரிசி, பாசுமதி, பொன்னி, புழுங்கல் ஆகியவற்றை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஒவ்வொரு வியாபாரியும் தம் மாத இறக்குமதியைப் போல் இரு மடங்கு அரிசியை அரசாங்கம் குறிப்பிட்ட கிட்டங்கியில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். அரிசி வியாபாரியினுடையது, எவ்வளவு வைத்திருக்க வேண்டும் என்ற கட்டளை அரசாங்கத்தினுடையது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அரிசி வருகிறது. எனினும் 2022-இல் சுமார் 40 சதவிகிதம் இந்திய அரிசியாக இருந்ததால், தடை வந்ததும் அரசாங்கம் புதுடில்லியிடம் விலக்குக் கேட்டது. ஆகஸ்டு இறுதியில் 50,000 டன்னுக்கு அனுமதி கிடைத்தது. மலேசியாவுக்கும் அக்டோபரில் 1,70,000 டன் அனுமதிக்கப்பட்டது. எந்தத் தனி வியாபாரி இவ்வாறு டில்லிக் கதவைத் தட்டித் திறந்திருக்க முடியும்?

கூட்டுறவு என்னும் மூன்றாவது வழி ஒன்றும் இங்கே உண்டு. 1973-இல் விலையேற்றத்தின்போது, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசு ‘வெல்கம்’ என்ற பெயரில் தோ பாயோவில் ஒரு கூட்டுறவு அங்காடியைத் திறந்தது. இதுவே பின்னர் ஃபேர்பிரைஸ் ஆயிற்று. மற்றக் கடைகளுக்கு விலையை எழுதிக்கொடுக்காமல், தான் ஒரு விலைக்கு விற்றுக்காட்டி, அதைவிட மிக அதிகம் கேட்பவனுக்கு வாடிக்கையாளர் போகாதபடி செய்வதே அதன் நோக்கம். அது வளர்ந்த வேகத்தில் நம்மவர்களின் சிறுகடைகளும் அடிபட்டன என்பது வேறு விஷயம், அதை மறைப்பதற்கில்லை. விலை ஏறும்போது பொருளின் விலையில் கை வைக்காமல் வாங்குவோரின் பையை நிரப்புவதும் இங்குள்ள முறை. 2021 டிசம்பரில் எல்லாச் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கும் 100 வெள்ளிப் பற்றுச்சீட்டு கொடுத்தது அவ்வகையைச் சேர்ந்தது. வங்காளத்துக் கூலியாளுக்குக் கிடைக்காமற்போன உதவி இதுவேயாம்.

இம்முறையை அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய்க் கெடாவில் நடலாம் என்று நாம் சொல்லவில்லை. சிங்கப்பூரில் நெல் விவசாயி இல்லை. அவனுடைய கண்ணீரும் இல்லை, அவனுடைய வாக்கும் இல்லை. பொக்கிஷமும் ஆழமானது. ஆயினும் நம் அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அரிசி விஷயத்தில் அரசாங்கம் கிட்டங்கியில் நிற்கட்டும், சந்தை வாசலில் காவலிருக்கட்டும், ஏழையின் கையில் பணம் கொடுக்கட்டும். கடைத் தட்டில் விலைச்சீட்டை ஒட்டும் வேலையை மட்டும், பஞ்சமும் யுத்தமும் இல்லாத காலத்தில், விட்டுவிடட்டும். ஒட்டித்தான் ஆகவேண்டுமென்றால் அந்தச் சீட்டைப் பதினைந்து ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருக்கக் கூடாது. மலேசிய அரசாங்கமே கோழி விஷயத்தில் 2023 நவம்பர் 1-ஆம் தேதி உச்சவிலையையும் மானியத்தையும் நீக்கிப் பார்த்தது. 2022 ஜூனில் கோழி ஏற்றுமதியை நிறுத்திச் சிங்கப்பூர்க் கோழிச்சோற்றுக் கடைகளைக் கலங்கவைத்ததும் மலேசியாதான்.

நம் வியாபாரச் சகோதரர்களிடமும் ஒரு வார்த்தை. தாம் விற்கும் பொருளுக்கு உச்சவிலை வந்தால் “அரசாங்கம் வியாபாரத்தில் தலையிடலாமா?” என்று முழங்குவதும், தாம் செய்யும் தொழிலில் புதியவர் நுழைய வந்தால் “உரிமத்தைக் கட்டுப்படுத்துங்கள்” என்று மனுக் கொடுப்பதும் நம்மிடையே இல்லாததல்ல. சாப்பாட்டுக்கடைக்காரர் அரிசிக்கும் எண்ணெய்க்கும் கட்டுப்பாட்டு விலை கேட்கிறார். ரொட்டிச்சானாய்க்குக் கட்டுப்பாட்டு விலை என்றால் பதறுகிறார். இரண்டிலும் அவருக்குக் காரணம் உண்டு. ஆனால் அதைக் கொள்கை என்று பெயரிட்டு மேடையேற்றும்போதுதான் வாதம் குழம்பிப்போகிறது.

இந்தியா 2024 செப்டம்பரில் தடையை நீக்கியது. பெர்னாஸின் உரிமம் 2031-இல் முடிவுறும்போது, அதைப் புதுப்பிப்பதா, பலருக்குப் பகிர்வதா, கையிருப்பின் செலவை யார் தலையில் வைப்பது என்ற வாதம் மீண்டும் வரும். அதற்குள் நம்மிடம் வெறும் முழக்கங்களுக்குப் பதில் கணக்குகள் இருக்கவேண்டும். ஆகவே மலேசியாவில் மளிகைக் கடையும் சாப்பாட்டுக்கடையும் வைத்திருக்கும் வாசகர்கள், 2023 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை தாங்கள் என்ன அரிசியை, என்ன விலைக்கு, எத்தனை மூட்டை வாங்கினார்கள் என்பதைப் பழைய கணக்குப் புத்தகத்திலிருந்து பார்த்து எழுதியனுப்பக் கோருகிறோம். கடையின் பெயர் வேண்டியதில்லை. ஊரின் பெயர் போதும்.